நின்று கரையும் மருந்து

விருதுநகரில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னை யாரும் வெறுமனே டாக்டர் என்று சொன்னதில்லை. மாட்டு டாக்டர்தான். அந்த ‘மாட்டு’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மாட்டைத் தவிர வேறெதையும் என்னிடம் கொண்டு வரவும் மாட்டார்கள். நாய்க்கு வைத்தியம் பார்ப்பது துரைமார் வீட்டுப் பழக்கம் என்பது ஊர் நினைப்பு. நாய்க்கு முடியவில்லை என்றால் எங்கேயாவது புதருக்குள் போய்ப் படுத்துக் கிடக்கும், பிழைத்தால் வரும், அவ்வளவுதான். அதனால் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் போர்மேன் ஒரு நாய் விஷயமாக வந்திருப்பதாகச் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

மனிதர் வைத்தியத்துக்கு வரவில்லை. நாயைக் கொன்று தர வேண்டும் என்றார்.

அந்தக் கோடையில் அவர்கள் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது எல்லோருக்கும் தெரியும். எம். புதுப்பட்டிக்குப் போகிற வழியில் அந்தக் கம்பெனி இருந்தது. பட்டாசுக் கம்பெனி என்றால் ஒரே கட்டடமாக இருக்காது. ஒன்றில் பிடித்த தீ இன்னொன்றுக்குப் போய்விடக்கூடாது என்று பொட்டலில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டியிருப்பார்கள். மத்தியானம் எல்லோரும் மரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போன வாட்ச்மேன் மட்டும் அந்த அறை வாசலில் நின்றிருக்கிறார். காலடியில் அவர் வளர்த்த நாய். அறை தரைமட்டமாகிவிட்டது. இதுதான் அவர் என்று சொல்லி ஒரு துணிமூட்டையை அவர் வீட்டில் கொடுத்தார்கள். நாய், பின்தொடையை ஓட்டுச் சில்லு கிழித்த காயத்தோடு பிழைத்துக்கொண்டது.

அந்த நாய்தான் இப்போது இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறதாம். பொம்பளை ஆட்கள் பயந்துபோய் வேலைக்கு வருவதில்லையாம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது, லோடு போக வேண்டும், ஆவணி பிறந்ததும் பூஜை போட்டு முழு வேலையும் தொடங்க வேண்டும் என்று முதலாளி உயிரை வாங்குகிறாராம். வெறிநாயா என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது. கண்டவர்களைக் கடிக்கிறதா? இல்லை, ஆளைக் கண்டால் உடைமரப் புதருக்குள் ஓடிவிடுகிறது. பிறகு என்னதான்யா செய்கிறது, எதற்குப் பயப்படுகிறார்கள் என்றேன். அவர் வாசலைப் பார்த்தார், என் கம்பவுண்டரைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மத்தியானமானா வெடிச்ச எடத்துல உக்காந்துக்கிட்டு வாலாட்டுது சார். அங்கன ஒருத்தரும் கிடையாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேய் பிசாசில் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. செத்தவர்கள் திரும்பி வருவது உண்மையானால் என் மாமனார்தான் முதல் ஆளாக வந்து நின்றிருப்பார். உயிரோடு இருந்தபோதே கூப்பிடாமல் வருகிற ஆள் அவர். தூக்குப் போடுகிற உத்தியோகத்தில் சர்க்கார் என்னை வைக்கவில்லை, வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போர்மேனை அனுப்பி வைத்தேன்.

நான் போன நாள் ஆடி வெள்ளி. சாத்தூர் வரைக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டம் பஸ்ஸில் பிதுங்கியது. வேப்பிலையும் வியர்வையும் மஞ்சளும் கலந்த வாடையில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். கம்பெனி கேட்டில் இன்னொரு கூத்து. உள்ளே தீயும் கூடாது, இரும்பும் கூடாது. ஒரு பொறி போதும் என்பார்கள். என் சிகரெட்டையும் தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டார்கள், சரி. ஆணி அடித்த செருப்பு என்று அதையும் கழற்றச் சொன்னார்கள். இடுப்பு பெல்ட்டையும் கேட்டபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. பையிலிருந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கேட்டிலேயே தங்கின. ஊசியைக் காய்ச்ச ஸ்பிரிட் விளக்கு வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் போர்மேனின் முகம் வெளுத்துப்போய்விட்டது. கடைசியில் கர்ச்சீப்பும் கையுமாக, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெந்த மண்ணில் வெறுங்காலோடு தத்தித் தத்தி உள்ளே போனேன்.

வேலைக்கு வந்திருந்த சில பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வேட்டியைப் பிடித்திருந்த லட்சணத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். பிறகு வெயில் உச்சிக்கு வந்தது. அவர்கள் பேச்சு தானாக நின்றது. ஒவ்வொருத்தியும் தன் முதல் கவளத்தை எடுத்து இலைத்துண்டில் வைத்தாள். ஒருத்தி மட்டும் அவற்றைக் கொண்டுபோய் இடிந்த அறையின் கடைக்கால் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். எல்லோரும் அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். துர்மரணத்தில் போனவனுக்குப் பசி அடங்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

அட, இதுதானா சங்கதி என்று நினைத்தேன். சோறு வைக்கிறார்கள், நாய் வருகிறது, வாலாட்டுகிறது. இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா?

நாய் புதருக்குள்ளிருந்து மூன்று காலில் வந்தது. செவலை நிறம், நாட்டு நாய். பின்தொடை தேங்காய் அளவுக்கு வீங்கி, கிழிசலில் சீழ் வழிந்து ரோமத்தோடு காய்ந்திருந்தது. காய்ச்சல் அடிக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. அது சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. இலையைத் தாண்டிப் போய், வாசல் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. வாலை மண்ணில் அடித்தது. முகத்தை மேலே தூக்கி, ஆள் உயரத்தில் எதையோ பார்த்தது. தடவிக்கொடுக்கும் கைக்கு நாய் எப்படித் தலையை முட்டிக்கொண்டு போகுமோ அப்படி நெற்றியை மேலே மேலே முட்டியது. அதன் ஒரு காது மடிந்தது, விடுபட்டது, மறுபடி மடிந்தது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

வெயிலில் தலை சுற்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் மெல்லக் கிட்டே போனேன். நாய் ஓடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து நின்று காயத்தைப் பார்த்தேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வால் நின்றது. யாரோ போவதைப் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக் கேட் வரைக்கும் பார்த்தது. அப்புறம்தான் நான் இருப்பது அதற்குத் தெரிந்தது. பல்லைக் காட்டி உறுமிவிட்டுப் புதருக்குள் பாய்ந்துவிட்டது.

திரும்பினால் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குவாளி. வாட்ச்மேனின் மனைவி. தினமும் புருஷனுக்குச் சோறு கொண்டு வந்தவள், இன்னும் கொண்டு வந்துகொண்டிருந்தாள். கேட்டில் யாருக்கும் அவளைத் தடுக்கத் தைரியமில்லை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. கருமாதியன்று தாலியை எடுக்க விடாமல் ஓடிவந்து கம்பெனி கேட்டில் உட்கார்ந்துகொண்டாளாம். ஆடி கழியட்டும், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் விட்டு வைத்திருந்தார்கள். இதெல்லாம் போர்மேன் பிறகு சொன்னது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“கொல்லுறதுக்கா வந்திருக்கீக?”

இல்லை, பார்க்க வந்தேன் என்றேன். இப்படியே விட்டால் சீழ் ரத்தத்தில் ஏறி நாய் தானாகவே செத்துவிடும் என்றும் சொன்னேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

“அது போயிட்டா அவுகளையும் காங்க முடியாது டாக்டரய்யா. எங்க கண்ணுக்கெல்லாம் தெரிய மாட்டேங்காக. அது கண்ணுக்குத்தான் தெரியிறாக. எப்படியாச்சும் காப்பாத்தி விட்ருங்க.”

காய்ச்சலில் நாய்க்குப் புத்தி பேதலித்திருக்கிறது, பழகிய நேரத்துக்குப் பழகிய இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் தாலியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வைத்தியம்தான் பெரிய தலைவலியாக இருந்தது. அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த பென்சிலினைத் தினம் ஒரு தடவையாவது குத்த வேண்டும். விருதுநகரிலிருந்து நான் தினமும் போகவா முடியும்? போனாலும் அந்த நாய் மத்தியானத்தில் அந்தக் கொஞ்ச நேரம் தவிர ஆளை அண்டவிடாது. ஒரு குத்துக்கு மேல் அதனிடம் நடக்காது. ஊசி பட்ட பிறகு அதே இடத்துக்கு அது திரும்ப வருமா என்பதும் சந்தேகம்தான். அப்போதுதான் புதுசாக வந்திருந்த ஒரு மருந்து நினைவுக்கு வந்தது. மூட்டுக்காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மனுஷ டாக்டர்கள் போட ஆரம்பித்திருந்த பென்சிலின். ஒரு தடவை ஆழமாகச் சதையில் போட்டுவிட்டால் உடனே கரையாது. அங்கேயே தங்கிக் கொஞ்சங்கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும், பல நாள் வேலை செய்யும். உடனே வேலை செய்கிற பென்சிலினையும் அதோடு கலந்து ஒரே புட்டியில் விற்றார்கள். நாய்க்கு அதைப் போட்டவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. மதுரையில் ஒரு மருந்துக்கடைக்குச் சொல்லி அனுப்பினேன்.

அவளுக்கும் இதை விளக்கினேன். மருந்து சதைக்குள் சின்னக் கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும், வெல்லக்கட்டி எச்சிலில் கரைவது போலக் கரையும், கரைகிற மட்டும் காவல் இருக்கும் என்றேன். அவள் அதை அப்படியே வாயசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போர்மேன், பூஜைக்குள் இது இடத்தைக் காலி பண்ணாவிட்டால் சோற்றில் விஷத்தை வைத்துவிடுவோம், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார். அவர் பிழைப்பு அவருக்கு.

மருந்து வந்ததும் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே எட்டியிருந்த டீக்கடையில் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்தோம். ஊசி தடியாக இருக்க வேண்டும். அந்த மருந்து கெட்டிப்பால் மாதிரி. குலுக்காவிட்டால் அடியில் தங்கிவிடும், ஊசியில் ஏற்றிவிட்டுத் தாமதித்தால் அடைத்துக்கொள்ளும். போர்மேன் ஊசியை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போகச் சம்மதித்தார். கம்பவுண்டர் கேட்டோடு நின்றுவிட்டார். பிள்ளைகுட்டிக்காரன் சார், என்னை விட்ருங்க என்றார். காளைமாட்டின் கொம்பைப் பிடித்து மடக்குகிற ஆள் அவர்! கண்டபடி திட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

நாய் ஒரு சுற்று இளைத்திருந்தது. காயத்தைச் சுற்றித் திருநீறு. அது புதருக்குள் மயங்கிக் கிடந்தபோது அந்தப் பெண் தூவியிருக்க வேண்டும். உச்சி வெயிலில் அது வந்து உட்கார்ந்தது. வால் அசைந்தது. அவள் வேப்பமரத்தைத் தாண்டி வராமல் அங்கேயே நின்றாள். நான் புட்டியைக் குலுக்கி மருந்தை ஏற்றிக்கொண்டு, நாயின் பின்பக்கமாகப் போய் மண்டியிட்டேன். இடது கையால் நல்ல தொடையைப் பிடித்தேன். பிடித்ததும் கடிக்கும் என்று எதிர்பார்த்தேன். கடிக்கவில்லை. ஊசியை இறக்கினேன். அவ்வளவு தடித்த ஊசி, அவ்வளவு கெட்டி மருந்து, மெதுவாகத்தான் உள்ளே போகும். எப்பேர்ப்பட்ட சாது நாயும் அந்த வலிக்குத் திரும்பிப் பாயும். இதன் தொடை நடுங்கியது, ஆனால் தலை திரும்பவில்லை.

அப்போதுதான் அதன் கழுத்தைப் பார்த்தேன். பிடரித் தோல் மடிந்து மேலே உயர்ந்து நின்றது. முரண்டு பிடிக்கும் நாயைப் பழகியவன் பிடரியில் கொத்தாகப் பிடித்து நிறுத்துவான் இல்லையா, அந்த மாதிரி. விரல் பதிகிற இடங்களில் ரோமம் அழுந்தியிருந்தது. என் இரண்டு கையும் கீழே இருந்தன. ஒன்று தொடையில், ஒன்று சிரிஞ்சில். ஆனாலும் மருந்து முழுவதும் இறங்குகிற வரைக்கும் கட்டைவிரலை எடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஊசியை உருவினேன். பின்னால் மரத்தடியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, சாவகாசமாக, வீட்டில் பேசுவது போல.

“போட்டாச்சு. விட்ருங்க, பாவம்.”

அவள் என்னிடம் சொல்லவில்லை. நான்தான் ஏற்கெனவே விட்டுவிட்டேனே. அவள் சொன்ன பிறகு, பிடரித் தோல் மெல்ல இறங்கிச் சமமானது.

நான் எப்படிக் கேட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. கால் கொப்புளித்திருந்ததை பஸ்ஸில்தான் பார்த்தேன். கம்பவுண்டர் என்ன நடந்தது என்று கேட்டார். வலி வந்தால் நாய்க்குப் பிடரித் தசை இழுத்துக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு விளக்கம் சொன்னேன். அப்படி இழுத்துக்கொண்ட நாயை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மருந்து அதன் வேலையைச் செய்தது. ஆவணி பிறந்ததும் போர்மேன் கையில் மத்தாப்புப் பெட்டியோடு வந்தார், வாயெல்லாம் பல். வீக்கம் வடிந்துவிட்டதாம். நாய் நாலு காலில் நடக்கிறதாம். அதைவிட முக்கியம், மத்தியானத்தில் அந்த இடத்துக்கு வருவதே இல்லையாம். ஒருநாள் தானாக எழுந்து வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விட்டதாம். பொம்பளை ஆட்கள் வந்துவிட்டார்கள், பூஜை முடிந்தது, வேலை நடக்கிறது. டாக்டர் சார் ஊசியிலேயே பேயை ஓட்டிவிட்டார் என்று சிவகாசி முழுக்கப் பேச்சாம். நான் அசட்டுத்தனம் என்று சொல்லிக்கொண்டே மத்தாப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டில் பெண்டாட்டியிடம் ஒரு வாரத்துக்கு இதே பெருமைதான்.

அப்புறம் ஒரு காலை நேரம், மாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, அந்தப் பெண் வந்தாள். கயிற்றில் நாயைக் கட்டி அழைத்து வந்திருந்தாள். செவலை ரோமம் பளபளவென்று இருந்தது. காயம் காய்ந்து, புது ரோமம் முளைக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு வாய்கொள்ளாத சந்தோஷம். வாம்மா, வாம்மா, எப்படி இருக்கிறான் பார் என்று நானே எழுந்து போனேன். அவள் சிரிக்கவில்லை. குங்குமம் இன்னும் இருந்தது, தாலியும் இருந்தது. நாயைத் தூக்கி மேஜையில் நிறுத்தினாள். நான் ஊசி போட்ட தொடையில் ரோமத்தை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினாள்.

“இங்கனதான போட்டீக?”

ஆமாம் என்றேன்.

“உள்ளயே தங்கியிருக்கும்னு சொன்னீகள்ல. அத எடுத்திருங்க டாக்டரய்யா.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். ஊசி போட்டதிலிருந்து நாய் யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறதாம். மத்தியானம் வீட்டு நிழலில் படுத்துத் தூங்குகிறதாம். அவளே கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் நிறுத்தினாளாம். கல்லை மோந்து பார்த்து, காலைத் தூக்கி ஒண்ணுக்கு இருந்துவிட்டு வந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் நாயின் மேலிருந்த கையை எடுத்தாள். வருகிற வாரம் தாலியை எடுக்கப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் இந்த மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டால் நாய்க்குப் பழையபடி கண் தெரியும், அவர் வந்து நிற்பது தெரியும். மறுபடி சீழ் பிடித்தால் பிடிக்கட்டும், தான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

போட்ட ஊசியை எடுக்க முடியாதம்மா என்றேன். அப்படியென்றால் அது எப்போது கரைந்து முடியும் என்று கேட்டாள்.

நான் நாயின் தொடையில் கையை வைத்தேன். ஆழமாக அமுக்கி, அந்த இடம் முழுவதும் தடவிப் பார்த்தேன். சதை மெத்தென்று இருந்தது. கட்டி கிடையாது, இறுக்கம் கிடையாது. போட்ட நாளிலிருந்து ஆகியிருந்த காலத்துக்கு, எல்லாம் எப்போதோ கரைந்து போயிருக்க வேண்டும். நாய் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் இருக்கும்மா,” என்றேன். “கரைய ரொம்ப நாளாகும்.”

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு சீக்கிரம் ஒரு முகம் தெளியும் என்று எனக்குத் தெரியாது.

“அப்ப அது கரையிற மட்டும் தாலியில கை வைக்கக் கூடாதுன்னு டாக்டரய்யாவே சொல்லிட்டாகன்னு எங்க ஆளுககிட்டச் சொல்லிறேன்,” என்றாள். நாயை இறக்கினாள். அது கயிற்றை இழுத்துக்கொண்டு வெயிலில் இறங்கியது, அவள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கம்பவுண்டர் சிரிஞ்சுகளைக் கழுவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொடையை அவரும்தான் பார்த்தார்.

“கட்டி நெசமாவே இருந்துச்சா சார்?” என்றார்.

“இருந்துச்சுய்யா,” என்றேன். “போய் வேலையப் பாரு.”